விதியா, கஞ்சியா?

சென்ற சாரல் காலத்தில் குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் நடந்த சம்பாஷணை இது. தென்காசி நண்பர் ஒருவர், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்த தமது பெண்ணை இனி ஓடவிடப் போவதில்லை என்றார். காரணம் என்னவென்றால், ஜாதகத்தில் அதற்கு யோகமில்லையென்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். "பி.டி. உஷாவைப் பாருங்கள். நூறில் ஒரு வினாடியில் மெடல் போயிற்றே, அது விதியல்லாமல் வேறென்ன?" என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

நல்ல சாட்சியைத்தான் கூப்பிட்டார்! விசாரிப்போம்.

உஷா 1964-ல் கோழிக்கோடு ஜில்லாவில் பிறந்தவர். 1976-ல் கேரள சர்க்கார் கண்ணூரில் பெண்களுக்கென்று விளையாட்டுப் பள்ளி ஒன்று திறந்தது. அதில் சேர்ந்துதான் ஓ.எம். நம்பியார் என்கிற பயிற்சியாளர் கண்ணில் பட்டார். அப்பள்ளி இல்லாதிருந்தால், ஜாதகம் எத்தனை யோகம் காட்டியிருந்தாலும் அந்தப் பெண்ணைப் பய்யோலிக்கு அப்பால் யார் அறிந்திருப்பார்கள்?

1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ருமேனியப் பெண் 55.41 வினாடி, உஷா 55.42. வெண்கலம் போயிற்று. ஏன் போயிற்றென்று உஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அங்கே தமக்கு ஒத்த ஆகாரம் கிடைக்கவில்லை. கஞ்சியும் மாங்காய் ஊறுகாயுமாகக் காலந்தள்ளினார். கடைசி 35 மீட்டரில் பலம் நிற்கவில்லை. இதிலே சனி எங்கே வந்தான், ராகு எங்கே வந்தான்? வயிற்றுக்கு வேண்டியதைக் கவனிக்காமல் ஒரு பெண்ணை உலகப் பந்தயத்திற்கு அனுப்பியவர்களின் பொறுப்பை, பாவம், கிரகங்களின் தலையில் கட்டுகிறோம்.

அடுத்த வருஷமே, 1985-ல், ஜகார்த்தா ஆசியப் பந்தயத்தில் அதே உஷா ஐந்து தங்கம் எடுத்தார். ஒரு வருஷத்தில் ஜாதகத்தை யாராவது திருத்தி எழுதினார்களா?

நிற்க, உஷாவுக்கு ஈடாக ஓடிய பிலிப்பைன் நாட்டு லிடியா டி வேகாவையும் சொல்லவேண்டும். 2022-ல் காலமானார். 1982-ல் டில்லியிலும் 1986-ல் சியோலிலும் ஆசிய விளையாட்டில் 100 மீட்டரில் முதலாவது வந்தவர் அவர்தான். இரண்டு தடவையும் உஷா இரண்டாவது. லிடியாவின் ஊரில் நம் பஞ்சாங்கம் விற்பதில்லை. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் தெரியுமா? அவரைப் பெற்ற தகப்பனார்!

இதைக் கேட்டதும் நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். ஜோசியருக்குக் கொடுத்தது எவ்வளவு என்று கேட்டோம். சொன்னார். அந்தப் பணத்தில் எத்தனை நாளைக்குப் பாலும் முட்டையும் வாங்கலாமென்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினோம். யோசித்துச் சொல்வதாகப் போனவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தயத்திற்கு மூன்று மாதமே இருக்கிறது.