பெருமாளுக்கு எதற்கு மருத்துவச் சான்றிதழ்?

செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறந்ததும் ஜொகூர் பாரு வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி தவறாமல் வந்துவிடும். வெயில் தணிந்து மழை தொடங்கும் மாதமாம்; பூமியின் சூடு வெளியேறுமாம்; அப்போது இறைச்சி தின்றால் வயிறு கெடுமாம்; முன்னோர்கள் அறிவியல் தெரிந்துதான் கறியை விடச் சொன்னார்களாம்.

எந்த ஊர் மழை? ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகைதான் வடக்கே இருக்கிறது. சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இங்கே வெயிலில் பெரிய வித்தியாசம் கிடையாது. வெள்ளம் கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்று நவம்பர் வாக்கில்தான் எட்டிப் பார்க்கும். கோத்தா திங்கி மூழ்கியது 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும். பஞ்சாங்கத்தைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தோம், சரி. தஞ்சாவூர் மழையையுமா ஏற்றிவந்தோம்?

அடுத்த வாதம்: சைவம் உடம்புக்கு நல்லது. எந்தச் சைவம்? ஜாலான் உங்கு புவான் பக்கச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள். (ஜொகூரின் வார விடுமுறை 2014 முதல் வெள்ளி, சனி, 2025 முதல் சனி, ஞாயிறு. எப்படி மாற்றினாலும் பெருமாளின் சனி தப்பிவிட்டது.) இலையில் வெள்ளைச் சோறு மலையாகக் குவியும். அப்பளம், பொரித்த பாகற்காய், உருளைக்கிழங்கு, பாயசம், கடைசியில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக். கூடவே 'சைவ மட்டன்': சோயாவையும் கோதுமைப் புரதத்தையும் மசாலாவில் புரட்டி எண்ணெயில் பொரித்தது. ஆட்டை விட்டவர்கள் ஆட்டின் நினைப்பை விடவில்லை. மீனும் கீரையும் சாப்பிட்டுவந்தவர் இந்த இலைக்கு மாறினால் சீனி ஏறுமா, இறங்குமா?

நமக்கு இது விளையாட்டுக் கேள்வியில்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4. இன்சுலின் போடுகிறவர் பூசை முடியும்வரை பட்டினி கிடந்தால் சீனி சரிந்து மயங்கி விழலாம். நோன்புக்கு முன்பே டாக்டரிடம் போய் மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொண்டு வரும் மலாய்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் போவதில்லை. 'விரதம்தானே, உடம்புக்கு நல்லதுதானே!'

விரதத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டி வீட்டில் சம்பளம் போட்ட வாரத்தில்தான் கறி. அதையும் புரட்டாசியில் விட்டுவிடுவார். குடலுக்கு ஓய்வு, கொழுப்புக் குறைவு என்றெல்லாம் அவர் கணக்குப் பார்த்ததில்லை. பிடித்ததைப் பெருமாளுக்காக விட்டார், அவ்வளவுதான். நாமோ பெருமாளிடமே மருத்துவப் பலனுக்கு ரசீது கேட்கிறோம்.

போன புரட்டாசியில் எதிரே உட்கார்ந்து சைவ மட்டனைப் பிய்த்துக்கொண்டிருந்த நண்பர் இதே அறிவியலைச் சொன்னார். "உடம்புக்குத்தான் என்றால், கறியைச் சாப்பிட்டுக்கொண்டு சீனியை ஒரு மாதம் விட்டுப் பாருங்களேன்" என்றேன்.

தே தாரேக்கை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "அது கஷ்டமாச்சே" என்றார்.