தேன்பெட்டி இருக்கும் ஊரில் அட்ரினலினும் இருக்கட்டும்

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கம் ஆண்டு பிறந்ததும் ரப்பர் மரங்கள் துளிர்விடும். இளம் இலைக்காம்பில் ஊறும் தேனை நம்பித் தோட்டம் தோட்டமாகப் பெட்டிகள் இறங்கும். 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் பரப்பிய தொழில் இது. கொட்டு வாங்காத தேன்காரர் கிடையாது. பெரும்பாலோருக்கு அது வீக்கத்தோடு போய்விடும்.

சிலருக்குப் போகாது. சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிக்கும், தொண்டை அடைக்கும், மூச்சு இழுக்கும். ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிய, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடுவார். அனாஃபிலாக்சிஸ் எனப்படும் இந்த நிலைக்கு முதல் மருந்து அட்ரினலின்தான். அது குழாய்களை இறுக்கும், இதயத் துடிப்புக்கு வலுவூட்டும், மூச்சுக்குழாயைத் திறக்கும். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவைப்பட்டால் 5 நிமிடம் கழித்து இன்னொன்று.

ஆனால் ‘ஒரு அவில் போட்டால் சரியாயிடும்’ என்ற நம்பிக்கைதான் பரவலாக இருக்கிறது. ஒவ்வாமை மருந்தான அவில் அரிப்பை அடக்கும். சரிந்த அழுத்தத்தைத் தூக்காது. கூடவே போடும் ஸ்டீராய்டு வேலைசெய்ய மணிக்கணக்காகும். கோதையாற்று மலையிலிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருக்க முடியுமா?

மருந்து விலை அதிகமில்லை. சிக்கல் அதன் வடிவத்தில் இருக்கிறது. 1 மில்லி கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் பாதியை மட்டும் உறிஞ்சி, கை நடுங்காமல் குத்த வேண்டும். வெளிநாடுகளில் ஒவ்வாமை உள்ளவர்கள் பேனா போன்ற தானியங்கி ஊசியைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அமெரிக்கா மூக்கில் அடிக்கும் ஸ்பிரேக்கே அனுமதி கொடுத்துவிட்டது. இங்கோ அந்தப் பேனா மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

தடுப்பூசி முகாமில் கிராம சுகாதார செவிலியரிடம் அட்ரினலின் இருக்கிறது. ஒவ்வாமை கண்டால் ஒரு டோஸ் போட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்ப அரசின் வழிகாட்டுதலும் இடம் கொடுக்கிறது. தடுப்பூசிக்குப் பொருந்துவது தேனீக்கும் கடந்தலுக்கும் ஏன் பொருந்தக் கூடாது? துணை சுகாதார நிலையங்களில் எந்நாளும் அந்த மருந்து இருக்க வேண்டும்; தேனீ வளர்ப்போர் சங்கங்களுக்குப் பயிற்சி தர வேண்டும். அடுத்த தேன் பருவத்துக்குள் மாவட்ட சுகாதாரத் துறை இதைச் செய்யலாம்.

ஒருமுறை கொட்டி மயங்கியவர்கள் மருத்துவரைப் பார்த்து, மருந்தைக் கையில் வைத்துக்கொள்ள வழி கேளுங்கள். மயங்கியவரை எழுப்பி நடக்கவிடாதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்தி, 108-ஐ அழையுங்கள்.