டிக்கெட் எடுத்த பின் மாறும் விதிகள்

ஐம்பது டொலர் கட்டி நுழைந்துகொண்டிருந்த இலங்கைக்குள் 2024 ஏப்ரல் 17ஆம் திகதி முதல் நுழைய 100 டொலர் 77 சதம் தேவைப்பட்டது. வழக்கமான 30 நாள் சுற்றுலா வீசா புதிய இணையத்தளத்தில் காணாமற்போயிருந்தது. பத்து நாள் மிரிஸ்ஸ கடற்கரையில் கிடந்துவிட்டுத் திரும்ப நினைத்தவரும் ஆறு மாத வீசாவுக்கே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. வீசாவுக்கு 75 டொலர், சேவைக் கட்டணம் 18.50 டொலர், ‘வசதிக் கட்டணம்’ 7.27 டொலர். வசதி யாருக்கு என்பதை மட்டும் யாரும் விளக்கவில்லை.

அதற்கு முன் 12 ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது ஈ.ரி.ஏ. எனப்படும் இலத்திரனியல் பயண அனுமதி. 2012 ஜனவரியில் தொடங்கிய அந்த முறையின் தொழில்நுட்பத்தைக் கவனித்துக்கொண்ட உள்ளூர்த் தொலைபேசி நிறுவனமான மொபிடெல், ஒரு விண்ணப்பத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரு டொலர். அந்த முறையில் குறை சொல்ல இடமிருந்தது. ஆனாலும் அது வேலை செய்தது. அதை மூடிவிட்டு ஜி.பி.எஸ். டெக்னாலஜி, ஐ.வி.எஸ். குளோபல் ஆகியவற்றின் கூட்டிடம், வெளிநாட்டுக் கம்பனியான வி.எஃப்.எஸ். குளோபலைத் தொழில்நுட்பப் பங்காளியாகக் கொண்டு, வேலை ஒப்படைக்கப்பட்டது. பகிரங்க விலைமனு எதுவும் கோரப்படவில்லை. ஒரு டொலருக்கு நடந்த வேலை 25 டொலரைத் தாண்டியது.

இரண்டு வாரம்தான் தாங்கியது. மே 1ஆம் திகதி கட்டுநாயக்கவில் வீசாக் கருமபீடத்தின் முன் நின்று, இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று ஒருவர் உரத்துக் கேட்ட காணொளி நாடெங்கும் பரவியது. அடுத்த வாரமே அமைச்சரவை கூடி, 30 நாள் வீசாவைப் பழைய 50 டொலருக்கே கொண்டுவந்தது. அப்போது பாராளுமன்ற உறுப்பினர்களாக இருந்த சம்பிக்க ரணவக்க, ரவூப் ஹக்கீம், எம்.ஏ. சுமந்திரன் ஆகியோர் நீதிமன்றம் போனார்கள். ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் புதிய ஏற்பாட்டை நிறுத்தி, பழைய முறையை மீட்கும்படி இடைக்கால உத்தரவிட்டது. குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் மீட்கவில்லை. செப்டெம்பர் 25ஆம் திகதி குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் நீதிமன்ற அவமதிப்புக்காக விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அதன் பிறகு ஓரிரு நாட்களில் ஈ.ரி.ஏ. உயிர்பெற்றது. ஏழெட்டு வாரம் முடியாது என்றிருந்த ஒரு வேலை இரண்டு நாளில் முடிந்தது.

அந்த ஏழெட்டு வாரமும் ஒன்லைனில் வீசா எடுக்க வழியில்லை. பிள்ளைகுட்டியோடு இரவு விமானத்தில் வந்திறங்கியவர்கள் விமான நிலையத்திலேயே வரிசையில் நின்று வாங்க வேண்டியிருந்தது. நல்லூர் கொடியேறும் ஓகஸ்ட் மாதம் அது. கனடாவிலும் பிரித்தானியாவிலும் கடவுச்சீட்டு வாங்கிவிட்ட யாழ்ப்பாணத்தார், தாம் பிறந்த ஊருக்குச் சுற்றுலாப் பயணிகளாக வந்து சேரும் மாதமும் அதுதான். இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்காதவருக்குச் சொந்த ஊரிலும் இதுதான் வாசல்.

விலைமனு இல்லாத அந்த ஒப்பந்தத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதை நீதிமன்றமும் கணக்காய்வாளர் நாயகமும் தீர்க்கட்டும். அந்த விவகாரம் முடிந்தாலும் தீராத ஒரு வியாதி இருக்கிறது: இலங்கையின் நுழைவு விதி நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஒருவர் டிக்கெட் எடுக்கும் நாளில் ஒரு விதி, தரையிறங்கும் நாளில் இன்னொரு விதி. இதற்கு ஒரே மருந்து, 30 நாள் சுற்றுலாவுக்கான கட்டணத்தை எல்லா நாட்டவருக்கும் ஒரேயடியாக நீக்கிவிட்டு, ஈ.ரி.ஏ.யை மட்டும் வைத்துக்கொள்வது. சலுகை என்ற பெயரில் நாடுகளின் பட்டியல் போடுவதை இத்தோடு நிறுத்த வேண்டும்.

பட்டியல்களின் வரலாற்றைப் பார்த்தாலே காரணம் விளங்கும். உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் சுற்றுலா முற்றாகப் படுத்தபோது, 2019 ஓகஸ்ட் 1 முதல் 48 நாடுகளுக்கு இலவச வீசா. பிறகு கொவிட். 2023 நவம்பரில் இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து என ஏழு நாடுகளுக்கு மட்டும், அதுவும் ‘பரீட்சார்த்தமாக’. அந்தப் பரீட்சார்த்தம் தவணை தவணையாக நீண்டது. 2024 ஓகஸ்டில், ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து 35 நாடுகளுக்கு வீசா வேண்டாம் என்று அமைச்சரவை அறிவித்தது. அதை நம்பி டிக்கெட் எடுத்தவர்களுக்கு ஒக்டோபர் முதலாம் திகதி வந்தது, சலுகை வரவில்லை. இடையில் பாராளுமன்றமே கலைக்கப்பட்டிருந்தது. 2025 ஜூலையில் இன்னொரு அறிவிப்பு: இம்முறை 40 நாடுகள். அதே ஆண்டு ஒக்டோபர் 15 முதல் எல்லோரும் வருமுன்பே ஈ.ரி.ஏ. எடுத்தாக வேண்டும் என்றார்கள். அந்தத் திகதி நெருங்கியதும் பழைய நடைமுறையே தொடரும் என்றார்கள்.

ஆறே ஆண்டில் 48, 7, 35, 40. லொத்தர் சீட்டு முடிவுபோல் இருக்கும் இந்த எண்களில் தன் நாடு இப்போது உள்ளதா இல்லையா என்பதை பெர்லினிலோ மெல்பர்னிலோ இருக்கும் ஒருவர் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்? கூகுளில் தேடுவார். அங்கே அவருக்கு முதலில் அகப்படுவது, அரசுத் தளம்போலவே உடையுடுத்தி அரசின் கட்டணத்துக்கு மேல் தன் பங்கையும் பிடுங்கும் தனியார் இடைத்தரகர் தளமாக இருக்கலாம். அரசே தன் தளத்தின் பெயரையும் கட்டணத்தையும் மாற்றி மாற்றிக் காட்டினால் அசல் எது, போலி எது என்று பயணி எப்படிப் பிரித்தறிவார்? விமானக் கம்பனியின் செக்-இன் ஊழியருக்கும் இதே குழப்பம்தான்.

டொலருக்கு அலைந்த நாடு இந்தப் பணத்தை விடலாமா என்பது நியாயமான கேள்வி. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்த அரசுக்கு ஒவ்வொரு டொலரும் டொலர்தான். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024இல் வந்தவர்கள் 20 இலட்சத்து 53 ஆயிரத்துச் சொச்சம். அவர்கள் எல்லோருமே ஐம்பது டொலர் கட்டியிருந்தாலும் வருவது பத்துக் கோடி டொலரைச் சற்றே தாண்டும். ஏழு நாட்டவரையும் குறைந்த கட்டணக்காரரையும் கழித்தால் அதிலும் வெகுவாகக் குறையும். அதே ஆண்டு சுற்றுலாவால் நாட்டுக்குள் வந்த மொத்த வருமானம் ஏறத்தாழ 317 கோடி டொலர். அதாவது ஆளுக்குச் சராசரி 1,500 டொலருக்கு மேல். வீசாக் கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்குகிறவர் நூற்றுக்கு மூன்று நான்கு பேர் என்றாலே, வாசலில் வசூலித்தது உள்ளே தொலைந்துவிடும்.

குழப்பம் உச்சத்தில் இருந்த 2024இலேயே இருபது இலட்சம் பேர் வந்தார்களே, 2025இல் 2018இன் சாதனையையும் தாண்டி 23 இலட்சத்துக்கு மேல் வந்தார்களே, பிறகென்ன என்று அமைச்சின் அதிகாரி ஒருவர் கேட்கலாம். வந்தார்கள்தான். ஆனால் 2024இல் முதலிடம் இந்தியாவுக்கு, நான்கு இலட்சத்துக்கு மேல், இரண்டாமிடம் ரஷ்யாவுக்கு. இரண்டுமே கட்டணமில்லாத அந்த ஏழில் அடங்கியவை. விமான சேவைகளும் டிக்கெட் விலையும் இதில் பங்காற்றியிருக்கும். கட்டண விலக்கு மட்டுமே காரணம் என்று சாதிக்க முடியாது. விலக்கால் நட்டம் என்று சாதிக்க மட்டும் யாராலும் முடியாது. இன்னொன்றையும் அந்த அதிகாரி கவனிக்க வேண்டும்: 2018இல் சுற்றுலா வருமானம் சுமார் 438 கோடி டொலர். தலைகள் திரும்பி வந்துவிட்டன, பணம் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. அதிகம் செலவழிக்கும் பயணியைத் தேடுகிறோம் என்று மேடைதோறும் பேசும் நாடு, அவர் எடுத்து வைக்கும் முதல் அடியிலேயே சில்லறை கேட்பது பொருந்தவில்லை.

பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. மாலைதீவு ஏறத்தாழ எல்லா நாட்டவருக்கும் வந்திறங்கியதும் 30 நாள் வீசாவைக் காசில்லாமல் கொடுக்கிறது. அதற்காக மாலைதீவு தர்மம் செய்கிறது என்று எண்ண வேண்டாம். தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் ஆளுக்குப் பசுமை வரி. பெரிய விடுதிகளில் அந்த வரி 2025 ஜனவரி முதல் ஆறு டொலரிலிருந்து பன்னிரண்டாக இரட்டிப்பாக்கப்பட்டது. ஏழு இரவு தங்கினால் 84 டொலர். இலங்கையின் வீசாவைவிட அதிகம். என்றாலும் யாரும் விமான நிலையத்தில் நின்று சண்டை போடுவதில்லை, ஏனென்றால் அது விடுதிக் கட்டணத்தோடு சேர்ந்து முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதிக நாள் தங்குபவர் அதிகம் கட்டுகிறார். தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியருக்கு 2023இன் கடைசியில் வீசாவை விலக்கின. சென்னையிலோ திருச்சியிலோ நீண்ட வார இறுதிக்குத் திட்டமிடும் குடும்பம், கொழும்பைப் பாங்கொக்கோடும் கோலாலம்பூரோடும் தட்டில் வைத்துத்தான் பார்க்கிறது.

கென்யாவின் கதை எச்சரிக்கை. 2024 ஜனவரியில் ‘வீசா இல்லாத நாடு’ என்று தன்னை அறிவித்துக்கொண்ட கென்யா, அதே மூச்சில் ஏறத்தாழ எல்லோரும் 30 டொலர் கட்டி மின்னணு அனுமதி எடுக்க வேண்டும் என்றது. முன்பு வீசாவே தேவைப்படாத நாடுகளின் பயணிகளும் அதில் மாட்டினார்கள். இலங்கையில் ‘வீசா இலவசம்’ என்றும் ‘வீசா தேவையில்லை’ என்றும் அமைச்சர்கள் மாற்றி மாற்றிப் பேசுவதும் இந்த ரகம்தான். அனுமதி வேண்டும், பணம் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும்.

உணர்ச்சியோடு வரும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை அலட்சியப்படுத்த முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டோடு ஐரோப்பா போக விண்ணப்பிப்பவர் 2024 ஜூன் முதல் 90 யூரோ கட்டுகிறார். மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. வங்கிக் கணக்கு, வேலைக் கடிதம், காணி உறுதி என்று கட்டுக்கட்டாகக் காகிதம் கொடுத்தும் ஒற்றை வரியில் மறுப்பு வருகிறது. நம்மை இப்படி நடத்துபவர்களை நாம் ஏன் சும்மா விட வேண்டும்? கோபம் சரியானது. ஆனால் செங்கன் வீசா என்பது ஆட்களைத் தடுப்பதற்கான கதவு, ஈ.ரி.ஏ. ஆட்களை அழைப்பதற்கான கதவு. பழிக்குப் பழி என்று இங்கே கட்டணம் வாங்கினால் பிரசல்ஸில் யாருக்கும் உறைக்காது. எல்லவில் மூன்று அறை வைத்து விருந்தினர் விடுதி நடத்தும் குடும்பத்துக்குத்தான் உறைக்கும். பரஸ்பரம் வேண்டுமென்றால் அதைத் தூதரகங்கள் மேசையில் பேசி வாங்க வேண்டும். சிங்கப்பூர், மாலைதீவு, சீஷெல்ஸ் நாட்டவருக்கு ஈ.ரி.ஏ. கட்டணமில்லாமல் இருப்பது அப்படிப்பட்ட புரிந்துணர்வால்தான்.

பாதுகாப்பு? ஈ.ரி.ஏ. தொடர்ந்தால், வருபவரின் பெயரும் கடவுச்சீட்டு எண்ணும் வருமுன்பே திணைக்களத்தின் கையில் இருக்கும். பூச்சியம் டொலர் கட்டியவரின் பெயரும் அதே பட்டியலில்தான் வரும். அந்தத் தரவுகள் வெளிநாட்டுக் கம்பனியின் கைக்குப் போகலாமா என்பதே உண்மையான பாதுகாப்புக் கேள்வி, 2024இல் எழுந்ததும் அதுதான்.

சுற்றுலா வீசாவில் வந்து கடை போடுகிறார்கள் என்ற முறைப்பாட்டில் உண்மை உண்டு. தென் கரையோரத்தில் உள்ளூர்க்காரர் அதை நேரிலேயே பார்க்கிறார்கள். ஆனால் அதற்கு 2024 பெப்ரவரியில் அரசு காட்டிய எதிர்வினையை நினைவில் வைக்க வேண்டும். உக்ரேன் போர் தொடங்கியதிலிருந்து வீசா நீடிப்புப் பெற்றுத் தங்கியிருந்த ரஷ்யர், உக்ரேனியர் எல்லோரும் இரண்டு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று திணைக்களம் அறிவித்தது. உனவட்டுனவில் வெள்ளையருக்கு மட்டும் என்று விளம்பரம் செய்யப்பட்ட விருந்து ஒன்று கிளப்பிய கொதிப்பு அடங்கியிராத நேரம். அமைச்சரவைக்குத் தெரியாமல் இந்த அறிவித்தல் எப்படி வந்தது என்று அடுத்து ஜனாதிபதி அலுவலகமே விசாரிக்கச் சொன்னது. அனுமதியில்லாமல் தொழில் நடத்துபவரைப் பிடிக்கப் பிரதேச சபையின் வியாபார உரிமப் பதிவேடும் தொழில் திணைக்களமும் இருக்கின்றன. அந்த வேலையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கானோரை ஒரே கடிதத்தில் துரத்த முனைந்து, பிறகு பின்வாங்குவது நிர்வாகம் ஆகாது.

வடக்குக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், சென்னையையும் கொழும்பையும் ஒரே பயணமாக இணைத்திருந்தது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதே அந்தக் கடலில் காகிதக் கோடு விழுந்துவிட்டது. 1964இல் கப்பலை நிறுத்திய புயல் வந்தது பிறகுதான். இன்று நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. பலாலிக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சிறிய விமானங்கள் வருகின்றன. இந்தச் சேவைகள் நிலைக்க வேண்டுமானால் ஆசனங்கள் நிரம்ப வேண்டும். தவணைக்குத் தவணை நீடிக்கப்படும் ‘பரீட்சார்த்த’ விலக்கை நம்பி எந்தப் பயண முகவரும் ஆறு மாதத்துக்கு முன்பே குழுக்களைப் பதிவு செய்யமாட்டார்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. எல்லா நாட்டவருக்கும் 30 நாள் ஈ.ரி.ஏ.யைக் கட்டணமின்றி வழங்கும் ஒழுங்குவிதி, முடிவுத் திகதி போடாமல், பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். இனிவரும் எந்த மாற்றமும் வர்த்தமானியில் வெளியாகி ஆறு மாதம் கழிந்த பின்னரே அமுலாக வேண்டும். ஏற்கெனவே அனுமதி பெற்றவரை அது தொடக்கூடாது. அமைச்சரவைப் பேச்சாளர் வர்த்தமானிக்கு முன் திகதி சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். தொழில்நுட்ப வேலையை யாருக்குக் கொடுத்தாலும் பகிரங்க விலைமனு மூலமே கொடுக்க வேண்டும். இழக்கும் வருமானத்தை ஈடுசெய்ய வேண்டுமென்றால், மாலைதீவைப்போல இரவுக்கு இவ்வளவு என்று விடுதிக் கட்டணத்தில் சேர்க்கலாம். சிறு விடுதிகளுக்கு அதைக் குறைத்தும் வைக்கலாம்.

டிசம்பர் தொடக்கம் மார்ச் வரையான பருவத்துக்கு ஐரோப்பியக் குடும்பங்கள் பல மாதம் முன்பே பதிவு செய்கின்றன. அடுத்த பருவத்துக்கு இது பயன்பட வேண்டுமானால், ஒழுங்குவிதி ஜூன் மாதத்துக்குள் பாராளுமன்ற ஒப்புதலைப் பெற்றிருக்க வேண்டும்.