காய்த்த மரமும் கல்லடியும்

"அவளுக்கென்ன, கொடுத்து வைத்தவள்." எமது கிராமங்களில் ஒரு பெண் சற்று நிமிர்ந்துவிட்டால் அயலில் முதலில் பிறக்கும் வசனம் இதுதான். கேட்பதற்குப் பாராட்டுப் போல இருக்கும். ஆனால் அவள் பட்ட பாடு எதுவும் இதில் கணக்கில் எடுக்கப்படுவதில்லை. எல்லாம் தலைவிதி தந்தது என்றாகிவிடுகிறது. கூடவே, எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே என்ற ஏக்கமும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த ஏக்கம் நாளடைவில் புளித்துப்போய்ப் பொறாமையாகிறது. இம்மாதம் இதைப் பற்றிச் சற்று மனம் திறந்து பேசுவோம்.

நான் பணிபுரியும் பிரதேசத்தில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் சகோதரி ஒருவர் இருக்கிறார். கணவரை இழந்தவர். மூன்று பிள்ளைகள். ஒரு அடுப்புடன் தொடங்கியவர் இன்று இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார். வீட்டுக்கு ஓடு போட்டிருக்கிறார், ஸ்கூட்டி ஒன்றும் வாங்கியிருக்கிறார். அயலவர் கண்ணில் படுபவை அந்த ஓடும் ஸ்கூட்டியும்தான்.

கண்ணில் படாதவை எவ்வளவோ. அதிகாலை இரண்டு மணிக்கு அவர் எழும்பியாக வேண்டும். கடைக்காரர்கள் கடனுக்கு எடுத்துவிட்டுக் காசை இழுத்தடிப்பார்கள். விற்காமல் திரும்பி வரும் இடியப்பத்தின் நட்டம் அவருடையது. ஸ்கூட்டிக்கு மாதாமாதம் லீசிங் காசு கட்ட வேண்டும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் காஸ் கிடைக்காமல் மீண்டும் விறகுக்குப் போனார். மாவின் விலையும் ஏறிக்கொண்டே போனது. அந்த மாதங்களில் தனது சங்கிலியை அடைவு வைத்துத்தான் அந்த இரண்டு பெண்களுக்கும் சம்பளம் கொடுத்தார். இது ஊரில் எவருக்கும் தெரியாது. நட்டத்தைச் சொன்னால் சிரிப்பார்கள், இலாபத்தைச் சொன்னால் கண்ணூறு என்று இரண்டையும் அவர் வெளியே சொல்வதில்லை.

போதாததற்கு உறவினர்கள். கோயில் திருவிழா, சாமத்தியவீடு, செத்தவீடு எதுவென்றாலும் கைமாற்றுக்கு முதலில் தட்டப்படுவது அவரது படலைதான். கொடுத்தால் திரும்பி வராது. இல்லை என்றால், "காசு வந்ததும் ஆட்களைத் தெரியவில்லை" என்ற பேச்சு வரும்.

இவை ஆண்களுக்கும் உண்டு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஓர் ஆண் முன்னேறினால் அவன் "கெட்டிக்காரன்". ஒரு பெண் முன்னேறினால், அதுவும் கணவன் இல்லாத பெண் என்றால், "இவளுக்குப் பின்னால் யார்?" என்ற கேள்வி எழுகிறது. இலங்கையில் பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். ஆண்களில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய ஏழு பேர் இருக்கிறார்கள். உழைக்க வெளியே போகும் பெண்கள் குறைவாக இருப்பதால், போகும் ஒருத்தியின் மீது எல்லார் கண்ணும் விழுகிறது. பொறாமைக்கு இலகுவாகக் கிடைக்கும் கல் அவளுடைய நடத்தை.

அந்தச் சகோதரிக்கு நகரத்து ஹோட்டல் ஒன்றிலிருந்து தினமும் இடியப்பம் கொடுக்க ஓடர் வந்தது. பின்னேரம் போய்க் கணக்கு முடித்துவர இருட்டிவிடும். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசும் காலம், ஊர் வாயில் விழ வேண்டாம் என்று அந்த ஓடரை விட்டுவிட்டார். அதை எடுத்திருந்தால் மூன்றாவது பெண் ஒருத்திக்கு வேலை கொடுக்க இருந்தார். அவரைப் பற்றி ஊரார் கதைத்த கதை அவரை மட்டும் பாதிக்கவில்லை. பெயர் தெரியாத இன்னொருத்தியின் சோற்றிலும் கை வைத்துவிட்டது.

ஏன் இப்படி நடக்கிறது? மெக்சிகோவின் கிராமம் ஒன்றை ஆராய்ந்த ஜோர்ஜ் ஃபொஸ்டர் என்ற மானிடவியலாளர் 1965இல் ஒரு விளக்கம் தந்தார். உலகில் உள்ள நன்மைகள் அளவானவை, ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும் என்று மக்கள் நம்பும் இடத்தில், அடுத்தவரின் உயர்வு தனது இழப்பாகத் தோன்றும் என்பது அவரது கருத்து.

இந்த நம்பிக்கை எமது மக்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 2004 சுனாமிக்குப் பின் வந்த நிவாரணமாகட்டும், 2023இல் தொடங்கிய அஸ்வெசுமவாகட்டும், பட்டியலில் ஒரு பெயர் இருந்தால் இன்னொரு பெயர் இல்லை என்பதையே நாம் கண்டுவந்திருக்கிறோம். தகுதி இருந்தும் விடுபட்டவள் கேள்வி கேட்பது பொறாமை அல்ல, உரிமை. அந்தக் கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்காமல் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடாகக் கொடுக்க வேண்டும். நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரே கிராமத்தில் இருபது பேருக்குத் தையல் மெசின் கொடுத்தால் தைப்பிக்க ஆளிருக்காது, போட்டிதான் மிஞ்சும். வெற்றி பெற்ற ஒருத்தியை "முன்மாதிரி" ஆக்கி, வருகிற வாகனங்களையெல்லாம் அவள் வாசலில் நிறுத்திப் படம் பிடிப்பதும் அவளுக்கு நன்மை செய்வதில்லை.

முன்னேறிய சகோதரிகளே, உங்கள் சுமையை நீங்களே மறைத்தால் ஊருக்கு ஓடு மட்டும்தான் தெரியும். மாதர் சங்கக் கூட்டத்தில் வருமானத்தைப் பற்றிப் பேசும்போது செலவையும் கடனையும் நட்டத்தையும் பேசுங்கள். புதிதாகத் தொடங்குபவளுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. உறவினருக்கு உதவ மாதத்தில் ஒரு தொகையை ஒதுக்குங்கள். அது முடிந்தால் இல்லை என்று சொல்லுங்கள், அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம். தொழில் காசு குடும்பக் காசு அல்ல. கிழமையில் ஒரு நாளாவது அடுப்பை அணைத்துவிட்டு நித்திரை கொள்ளுங்கள்.

அயலில் இருக்கும் சகோதரிகளே, பொறாமை வருவது மனித இயல்பு. அழுக்காறாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்க வேண்டியிருந்தது என்றால் அது அன்றும் இருந்திருக்கிறது. வந்த பொறாமையை என்ன செய்கிறோம் என்பது எமது கையில் இருக்கிறது. "இவளுக்கு இது எப்படி வந்தது?" என்று வேலியோரம் நின்று அடுத்தவரிடம் கேட்காதீர்கள். படலையைத் திறந்து உள்ளே போய், "இதை எப்படிச் செய்தனீங்கள்?" என்று அவளிடமே கேளுங்கள். அநேகமாக அவள் சொல்லித் தருவாள். அவளிடம் இதுவரை எவரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.