இணைப்பு திறந்ததும் ஓடும் கட்டளை: வசதியா, வம்பா?

மைஎஸ்க்யூஎல் சர்வரில் 'இனிட் கனெக்ட்' என்று ஒரு அமைப்பு உண்டு. அதில் ஒரு கட்டளையை எழுதி வைத்துவிட்டால், யார் புதிதாக இணைப்பு திறந்தாலும் சர்வர் முதலில் அதை ஓட்டிவிடும். பத்து புரோகிராம்களைத் திருத்த வேண்டாம், ஒரே வரியில் வேலை முடிந்தது என்று பலர் இதைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாட இதில் ஒன்றுமில்லை.

முதலில், 'யார் திறந்தாலும்' என்பதே உண்மையில்லை. ரூட் போன்ற நிர்வாகி உரிமை உள்ள பயனருக்கு அந்தக் கட்டளை ஓடாது. இது பிழையல்ல, வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. கட்டளையில் தவறு இருந்தால் சாதாரணப் பயனர் எவருக்கும் இணைப்பு நிற்காது. உள்ளே போய்ச் சரிசெய்ய ஒருவராவது வேண்டுமே! நியாயம்தான். ஆனால் விளைவைப் பாருங்கள்.

சர்வரின் கடிகாரம் யுடிசியில் ஓடுகிறது என்று வையுங்கள். இந்திய நேரம் வேண்டுமென்று இனிட் கனெக்டில் டைம் ஸோனை +05:30 என்று எழுதுகிறார் நிர்வாகி. மாலை 6 மணிக்கு ஒரு மாணவர் கல்லூரியின் இணையப் பக்கத்தில் கட்டணம் கட்டுகிறார். 18:00 என்று பதிவாகிறது. அதே நிமிடம் அலுவலகத்தில் ஒருவர் ரூட்டாக நுழைந்து இன்னொரு மாணவரின் கட்டணத்தைப் பதிகிறார், 12:30! டேட்டைம் வகையில் எந்த ஊர் நேரம் என்ற குறிப்பே இருக்காது. ஆறு மாதம் கழித்து எது சரி, எது தவறு என்று யாரும் பிரிக்க முடியாது. நள்ளிரவு தாண்டி ரூட் கணக்கில் ஓடும் ஸ்கிரிப்ட் பதிந்தால் தேதியே முந்தைய நாளாகிவிடும். கடைசித் தேதியைத் தவறவிட்டவர் அபராதம் இல்லாமல் தப்பிவிடுவார்.

தமிழும் இதில் அடிபட்டது. 2018இல் 8.0 வரும்வரை மைஎஸ்க்யூஎல்லின் இயல்பான எழுத்துக் குறியாக்கம் லத்தீன்1. யுடிஎஃப்-8க்கு மாற்றும் வரியை இனிட் கனெக்டில் போட்டவர்கள் ஏராளம். மற்றவர்களுக்குத் தமிழ் தெரியும், ரூட்டுக்குக் கேள்விக்குறிகள். அதை அப்படியே திருத்திச் சேமித்தால் அந்தத் தமிழ் போனது போனதுதான்.

"ரூட்டாக யார் நுழைகிறார்கள்?" என்று கேட்கலாம். புகார் வந்தால் சோதிப்பவர் பெரும்பாலும் ரூட்டாகத்தான் நுழைகிறார். புகார் சொன்னவர் பார்த்ததை அவர் பார்ப்பதே இல்லை. "இங்கே சரியாக இருக்கிறதே" என்று அனுப்பிவிடுகிறார்.

எல்லோருக்கும் பொதுவான நேரம் வேண்டுமா? சர்வரின் 'டீஃபால்ட் டைம் ஸோன்' அமைப்பில் போடுங்கள், ரூட்டுக்கும் பொருந்தும். ஒரு புரோகிராமுக்கு மட்டும் வேண்டுமா? அது இணைப்பு திறக்கும் இடத்திலேயே வெளிப்படையாக எழுதுங்கள், அடுத்து வருபவர் படித்துத் தெரிந்துகொள்வார். ஆளுக்கு ஆள் மாறும் விதியை விதி என்று சொல்லக்கூடாது.