ஊர்த்தெரு வழியாகவே போகட்டும்

பிள்ளையை எத்தனை வயதில் தனியாகப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று நகரத்துப் பெற்றோர் யோசிக்கிறார்கள். நம் காலனிகளில் அப்படி யோசிக்க நேரமிருப்பதில்லை. விடியுமுன் நடவுக்கும் சூளைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள், எட்டரை மணிக்கு வீட்டில் நின்று பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போக முடியாது. இரண்டாம் வகுப்புத் தம்பியை ஐந்தாம் வகுப்பு அக்காள்தான் கூட்டிப் போகிறாள். நம் பிள்ளைகள் பெரியவர் துணையில்லாமல் போய் வருவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. அவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

பள்ளிக்கூடம் ஊருக்குள் இருக்கிறது. ரேஷன் கடையும் பேருந்து நிறுத்தமும் அங்கேதான். ஊர்த்தெரு வழியாக நடந்தால் பத்து நிமிடம். ஆனாலும் பல காலனிகளில் பிள்ளைகள் ஏரிக்கரை ஏறி, வாய்க்காலைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அம்மா இப்படித்தான் போகச் சொல்லிச்சு" என்பார்கள். அம்மாவைக் கேட்டால், "எதுக்குங்க வம்பு" என்பார். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கரை வழுக்கும்போதும் அதே வழிதான். தண்ணீரைவிடத் தெருவுக்கு அதிகம் பயப்படுகிறோம்.

கல்வி உரிமைச் சட்டத்துக்காகத் தமிழ்நாடு 2011இல் வகுத்த விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. தூரத்தை அளந்தார்கள், சரி. அந்த ஒரு கிலோமீட்டரில் யார் வீட்டுத் திண்ணையைக் கடக்க வேண்டும் என்பதை எந்த விதியும் அளக்கவில்லை.

இந்தச் சுற்றுவழி பழையது. இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் வாழ்க்கைக் குறிப்பில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சொல்கிறார். தன் சாதியும் குடியிருப்பும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருப்பாராம். பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகள் எட்டிப் பிடிக்காதபடி விரைந்து வீடு சேர்ந்துவிடுவாராம். அவரும் தனியாகத்தான் நடந்தார். அதற்குத் தன்னம்பிக்கை என்றா பெயர் வைப்பது? அந்தச் சிறுவன் பெரியவனாகிச் சென்னைச் சட்டமன்றத்தில் உட்கார்ந்தபோது, 1924இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும் எந்தப் பொதுத்தெருவிலும் எவரும் நடக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். மறு ஆண்டு அரசிதழிலும் வந்தது. நூறு ஆண்டு கடந்துவிட்டது. அரசிதழ் இன்னும் நம் ஏரிக்கரைவரை வந்து சேரவில்லை போலும்.

பெற்றோரின் பயம் வீண் பயம் என்று நாம் சொல்லவில்லை. 2022இல் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கப் போன சிறு பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாட்டைச் சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பியதை எல்லோரும் காணொளியில் பார்த்தோம். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் போன பதினோராம் வகுப்பு மாணவனை வழிமறித்து இறக்கி வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. இதையெல்லாம் கேட்ட தாய் சுற்றுவழியைக் காட்டாமல் என்ன செய்வாள்?

கொஞ்சம் கையில் காசு வந்தவர்கள் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வேனில் ஏறியவர்கள் போக மிச்சமிருக்கும் நாலைந்து பிள்ளைகள் கரையில் இன்னும் தனிமைப்படுகிறார்கள். ஊர்ப் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது. பிறகு பள்ளியை இணைக்கலாமா, மூடலாமா என்ற பேச்சு வருகிறது. அடுத்த பள்ளி இன்னும் தொலைவு.

ஆகவே நாம் சொல்வது இதுதான்: பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாகவே போகட்டும். ஒற்றையாக வேண்டாம், காலனிப் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து போகட்டும். பள்ளி திறந்த முதல் சில வாரங்களாவது, கல்லூரியில் படிக்கும் அண்ணன் அக்காமார் முறை வைத்துக்கொண்டு கூட நடக்கலாம். இதைப் படிக்கும் மாணவர்களே, உங்களைத்தான் சொல்கிறோம். ஊரில் நல்லவர்கள் இல்லாமல் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து "எந்த வகுப்புடா படிக்கிற" என்று அன்பாகக் கேட்கும் பெரியவர் ஒருவர் இருந்தாலே அந்தத் தெரு மாறத் தொடங்கும்.

மாலையில் மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன், வழியில் யார் என்ன சொன்னார்கள் என்று பிள்ளையைக் கேளுங்கள். பொதுவழியில் நடக்கவிடாமல் தடுப்பதும், நாலு பேர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இந்த வழக்கை விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி. பாஞ்சாகுளம் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டதை, "பேசி முடிச்சுக்கலாம்" என்று வருகிறவர்களிடம் நினைவூட்டலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். நலிந்த பிரிவினருக்கு அவரவர் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் உண்டு. அந்தக் கூட்டத்துக்கு ஒருநாள் கூலியை விட்டுவிட்டாவது போவோம். ஆகஸ்ட் 15 கிராம சபைக்கான மனுவை இப்போதே எழுதலாம்: காலனியிலிருந்து பள்ளிவரை தெருவிளக்கு, வாய்க்கால் மேல் சிறுபாலம், நகரப் பேருந்து ஊரோடு திரும்பாமல் காலனிவரை வந்து போவது. மனுவில் கையெழுத்துப் போடும்போது தேதியைக் குறித்து, ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.