மணியின் நாவும் சைலன்சரும்

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்துத் தாம் வாங்கிய மோட்டார் சைக்கிளைக் காட்டினார். 2009ஆம் ஆண்டின் யமஹா ஆர்1. 998 சி.சி., ஏறத்தாழ 180 குதிரைத் திறன். நான் நாள்தோறும் கல்லூரிக்கு ஓட்டிச் செல்லும் 100 சி.சி. வண்டிக்கு எட்டுக் குதிரைத் திறன்தான். மூன்றாவது கையாக அவரிடம் வந்திருக்கும் அந்த வண்டியை முந்தைய உரிமையாளர் பந்தயத் தளத்தில் மட்டுமே ஓட்டுவதற்கென்று மாற்றி அமைத்திருந்தார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறை மாணவன் ஒருவன் கிழக்குக் கடற்கரைச் சாலையில், நண்பனோடு பந்தயம் வைத்து, ஒரு ஞாயிறு விடியலில் இறந்துபோனான். மறுநாள் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை வாய்விட்டு அழைத்த பிறகே செய்தி எனக்குத் தெரிந்தது. அந்த நொடியை இன்றுவரை கடக்க முடியவில்லை. "நீயுமா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஐயா, இதை ரோட்டில் ஓட்டவே முடியாது. கொஞ்சம் கிட்ட வந்து பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். ஹெட்லைட் இல்லை. பக்கக் கண்ணாடிகள், இண்டிகேட்டர்கள், நம்பர் பிளேட், பின்னிருக்கை எதுவும் இல்லை. சைடு ஸ்டாண்டு கூட இல்லாததால் அந்த வண்டி தானாக நிற்காது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் தனித் தாங்கி ஒன்றில் நிறுத்தியிருந்தார். வழவழப்பான டயர்களுக்கு மின்சாரப் போர்வை போர்த்தி, 80 டிகிரி வரை சூடேற்றிய பிறகே தளத்தில் இறக்குவார்களாம். குளிர்ந்த டயர் முதல் வளைவிலேயே வழுக்கிவிடும்.

அவர் ஒவ்வொன்றுக்கும் சொன்ன காரணங்கள்தாம் என்னை யோசிக்க வைத்தன. விழுந்தால் கண்ணாடிச் சில்லுகள் தளமெங்கும் சிதறும் என்பதால் விளக்குகளைக் கழற்றுகிறார்கள். எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் துளையிட்டு மெல்லிய கம்பியால் கட்டியிருக்கிறார்கள். அது கழன்று எண்ணெய் சிந்தினால் பின்னால் வருபவர் விழுவார். ரேடியேட்டரில் கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீர்தான் ஊற்றுகிறார்கள். கூலண்ட் சிந்தினால் தளம் வழுக்கும், தண்ணீர் என்றால் உலர்ந்துவிடும். ஆக, இந்த மாற்றங்களில் பலவும் ஓட்டுபவருக்காகச் செய்தவை அல்ல, அவருக்குப் பின்னால் வரும் முகந்தெரியாத ஒருவருக்காகச் செய்தவை.

அகநானூற்றின் நான்காம் பாட்டு நினைவுக்கு வந்தது. கார்காலத்தில் தலைவியிடம் விரைந்து திரும்பும் தலைவன், பூக்களில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் கலங்கிவிடக் கூடாதென்று தேர்மணிகளின் நாவைக் கட்டிவிடுகிறான். வகுப்பில் இதை அருளுடைமை என்று விளக்கி நகர்ந்துவிடுவது வழக்கம். தலைவன் தேரை நிறுத்தவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. அவன் வேகமும் குறையவில்லை, வழியில் இருக்கும் உயிர்களைப் பற்றிய நினைவும் குறையவில்லை.

சாலையில் பந்தயம் விடும் பிள்ளைகளும் வண்டியை மாற்றுகிறார்கள். அழகுக்காகக் கண்ணாடியைக் கழற்றுகிறார்கள். தெருவே திரும்பிப் பார்க்கவேண்டும் என்பதற்காகச் சைலன்சரைப் பிரிக்கிறார்கள். என் மாணவரின் வண்டியிலும் சைலன்சர் மாற்றியதுதான். அதன் உறுமல் சாதாரணமன்று. ஆனால் அது உறுமும் இடம் வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அமைப்பிலிருந்து வண்டியை விருப்பம்போல் மாற்ற இடந்தருவதில்லை. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிப்படுத்தியது. அதனால் இவர் வண்டியைச் சிற்றுந்தில் ஏற்றித்தான் இருங்காட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோகிறார்.

சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் தொடங்கிய பந்தய மரபு சென்னைக்கு உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத் தளமும், கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் மற்றொன்றும் இருக்கின்றன. நாட்டில் இத்தகைய தளங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இரண்டு நம்மிடம் உள்ளன. இருந்தும் கட்டணம், தோலுடை, தலைக்கவசம் என்று கூட்டிப் பார்த்தால், தவணையில் வண்டி வாங்கிய பையனுக்கு அந்த வாயில் திறப்பதில்லை. சாலைக்குக் கட்டணம் கிடையாது. அதனால் அங்கே போகிறான்.

வேகத்தை விரும்புவது குற்றம் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்தேன். யாரும் கேட்டதில்லை. கல்லூரிகளில் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்குப் பதாகை கட்டுவதோடு நில்லாமல், ஆண்டுக்கு ஒரு நாளேனும் தளத்தை மாணவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் திறந்துவிட அரசும் கல்லூரிகளும் முயலலாம். அவரவர் சின்ன வண்டியே போதும். தம் வண்டியின் போல்ட்டைக் கம்பியால் கட்டக் கற்கும் பையன், தனக்குப் பின்னால் ஒருவன் வருகிறான் என்பதையும் கற்பான். இறந்துபோன என் மாணவனுக்கு அதைச் சொல்லித்தர எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.